சார்டெக்ஸ் பொறியும் அது ஒதுக்கித் தள்ளும் அரிசியும்: ஒரு கூலி அரவை ஆலை பற்றிய மதிப்பீடு

தஞ்சை வட்டாரத்தில் சொந்த நெல்லை அரிசியாக்கி நேரடியாக விற்கும் விவசாயியிடம் வாங்குபவர் விலைக்கு முன்பே கேட்கும் கேள்வி, "சார்டெக்ஸ் போட்டதா?" என்பதுதான். நிறம் மாறிய மணிகளை அரிசியிலிருந்து பிரித்து ஒதுக்கும் பொறியைத்தான் சார்டெக்ஸ் என்கிறார்கள். மழையில் சிக்கிய குறுவை நெல்லை இந்தச் சேவைக்காகவே இங்குள்ள ஒரு கூலி அரவை ஆலைக்குக் கொண்டு சென்றேன். நெல் ஆடுதுறை 43; பச்சரிசி அரவை.

பொறியின் வேலை பார்க்கவே நன்றாக இருக்கிறது. தீட்டிய அரிசி சரிவுத் தட்டில் வரிசை பிடித்து இறங்கும்போது கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. நிறம் பிசகிய மணி கடக்கும் நொடியில் சிறு துளையிலிருந்து காற்று சீறி அதை வேறு வாய்க்குத் தள்ளிவிடுகிறது. அரிசியின் தோற்றத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் கருப்போ பழுப்போ தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த அளவில் கொடுத்த கூலிக்கு நியாயமான வேலை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் உண்மையான பயன் வேறொரு மூட்டையில் இருந்தது. ஒதுக்கப்பட்ட அரிசியைக் கேட்டு வாங்காவிட்டால் அது தீவனத்துக்குப் போய்விடும். வாங்கி, முறத்தில் பரப்பிப் பிரித்துப் பார்த்தால் வயலில் நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டவை மணி முழுதும் சாம்பல் கலந்த கருமை ஏறியவை. கர்வுலேரியா, செம்புள்ளி நோயை உண்டாக்கும் பைபோலாரிஸ், ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் பூக்கும் பருவத்திலும் பால் பிடிக்கும் பருவத்திலும் மழையோடு மணிக்குள் புகுவதால் வருவது இது. சில பாக்டீரியாக்களும் இதே வேலையைச் செய்யும். இவற்றில் செம்புள்ளியை மட்டும் மழையின் கணக்கில் எழுதிவிட முடியாது. சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சிலிக்காவும் குறைந்த மண்ணிலும், நீர் பற்றாத பயிரிலும்தான் அது மிகுதியாகப் பரவும். 1942-இல் வங்காளத்து நெல்லைக் கடுமையாகத் தாக்கியதும் இந்த நோய்தான். மறு ஆண்டுப் பஞ்சத்துக்கு இதுவே பெருங்காரணம் என்று தாவர நோயியலாளர் எஸ். ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதினார். போர்க்கால நிர்வாகத்தையே முதற்காரணமாகச் சொல்பவர்கள் இதை ஏற்பதில்லை.

இன்னொரு வகையில் மணி வெண்மையாகவே இருக்க, ஓரிடத்தில் மட்டும் பழுப்புப் புள்ளி. உற்றுப் பார்த்தால் அதன் நடுவில் ஊசி முனை பட்டதுபோல ஒரு தடம். இது கதிர் நாவாய்ப்பூச்சி பால் உறிஞ்சிய இடம். அந்த இடம் மாவுபோலத் தளர்ந்து நிற்பதால் அரவையில் அங்கேயே ஒடிந்து குருணையாகிறது. ஆகவே இந்தப் பூச்சியின் நட்டத்தைப் புள்ளி விழுந்த மணிகளை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. மஞ்சள் பாரித்த மணிகளோ வயலில் கெட்டவையே அல்ல. ஈர நெல்லைக் களத்தில் அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாயால் மூடினால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும். அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம், சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, வண்டரித்த மணிகள் சேர்ந்து 5 சதவீதம் என்ற வரம்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது இந்த மஞ்சள் மணிகளைப் பார்த்தால் விளங்கும்.

கடைசியாக, செந்நிறக் கோடு ஓடிய மணிகள். இவற்றில் நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. இது மரபணுவின் நிறம். ஏழாம் குரோமோசோமில் உள்ள ஆர்.சி. என்ற மரபணு பழுதின்றி இருந்தால் தவிட்டுத் தோல் நிறமேறும்; முதலாம் குரோமோசோமின் ஆர்.டி. மரபணுவும் உடன் இயங்கினால் அது முழுச் சிவப்பாகும், இல்லாவிட்டால் பழுப்போடு நின்றுவிடும். நாம் இயல்பு என்று நினைக்கும் வெள்ளை அரிசிகளில் மிகப் பெரும்பாலானவை, ஆர்.சி. மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போனதால் வந்தவை. சிவப்பு ஓங்கு பண்பு; தாய், தந்தை இரண்டில் ஒன்றிலிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும். மேலும் தவிட்டுத் தோல் தாய்ச்செடியின் திசு என்பதால், வெள்ளை நெல்லில் சிவப்பு நெல்லின் மகரந்தம் விழுந்தாலும் அந்தப் போகத்தில் அரிசி வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்து முளைக்கும் செடியில்தான் எல்லா மணியும் சிவக்கும். விதைநெல் வாங்கும்போது கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நோயால் வரும் நிறமாற்றத்தைத் தாங்கும் திறனுக்கு இப்படி ஒற்றை மரபணுவைச் சுட்ட முடியாது. செம்புள்ளிக்கு எதிரான எதிர்ப்பு, பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது. கதிர், அதை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையின் உறையை விட்டு முழுமையாக வெளிவராத ரகங்களில் இலையுறை அழுகலும் மணி கருத்தலும் கூடுதலாக வரும். ரகத்தின் வயது, பூக்கும் நாள் மழையில் விழுமா என்பதைத் தீர்மானிக்கும். இரண்டும் ரகத்தோடு பிறந்த குணங்கள். எனவே குறுவைக்கு ரகம் தேர்வு செய்யும்போதே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

பொறிக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. பூஞ்சை மணியையும் செந்நிற மணியையும் ஒரே வாயில்தான் தள்ளுகிறது. அது பொறியின் குற்றமல்ல. ஆனால் நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளியது ஆலையின் குற்றம். முதல் ஓட்டத்தில் ஒதுக்கியதில் பழுதற்ற மணிகள் கணிசமாகக் கிடந்தன. பெரிய வியாபாரிகளின் புழுங்கல் அரிசிக்குப் பொறியில் வைத்திருந்த நிற அளவிலேயே என் பச்சரிசியையும் ஓட்டியிருந்தார்கள். ஒதுக்கியதை மறுபடி ஓட்டும்படி கேட்ட பிறகே அவற்றில் பெரும்பகுதி திரும்பியது. சிறு விவசாயி கேட்டால்தான் இது நடக்கும் என்றிருப்பது சரியல்ல.

விற்பனைக்கு அரைப்பவர்களுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு அரைப்பவர்கள், மணி அவ்வளவாகக் கருக்காத ஆண்டில் அந்தக் கூலியை மிச்சப்படுத்தலாம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிப் பொறியின் அளவை மாற்றச் செய்ய வேண்டும்; அரிசியை மேலேற்றும் எலிவேட்டரைத் துப்புரவாக்கச் சொல்லி, அது முடியும்வரை அருகிலேயே நிற்பதும் அவசியம். இல்லாவிட்டால் அடுத்து வருபவரின் வெள்ளை அரிசியில் செம்மணி கலந்து, அவர் தம் விதைநெல்லைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.