ஹைப்ரிட் சோலாருக்கு லித்தியம் பேட்டரி: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

வீட்டு ஹைப்ரிட் சோலாரில் (கிரிட், பேட்டரி இரண்டோடும் இணைந்து ஓடும் சோலார்) லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை ஏ.எச்.?" என்றுதான். ஏ.எச். (ஆம்பியர்-அவர்) என்பது பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்பதன் அளவு. தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று கேட்பதுதான் அதைவிட முக்கியம்.

என்னுடையது 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 51.2 வோல்ட், 100 ஏ.எச்.; பெருக்கினால் 5,120 வாட்-அவர், அதாவது 5.12 யூனிட். இரவுக்கு இது தாராளம். ஆனால் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடும்போது பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) 50 ஆம்பியருக்கானது என்றால், சார்ஜ் நிறைய இருந்தாலும் இரண்டரை கிலோவாட்டைத் தாண்டியதும் கட் செய்துவிடும். தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில்தான் இது தெரியவரும். அதனால் தொடர் கரண்ட் எவ்வளவு, உச்ச கரண்ட் எவ்வளவு, அதை எத்தனை நொடி தாங்கும் என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிடுங்கள். இதைப் பார்த்து எடுத்ததால், ஃபிரிட்ஜ் ஓடும்போது மோட்டார் போட்டாலும் என் பேட்டரி இதுவரை கட் ஆனதில்லை.

அடுத்தது, இன்வெர்ட்டரும் பேட்டரியும் பேசிக்கொள்கின்றனவா என்பது. லெட் ஆசிட்டில் வோல்டேஜைப் பார்த்தே மீதிச் சார்ஜை ஓரளவு சொல்லிவிடலாம். இந்த வகை லித்தியத்தில் 90 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கினாலும் வோல்டேஜ் இரண்டு வோல்ட் கூட மாறாது. கேன் அல்லது ஆர்.எஸ். 485 (இரண்டும் தகவல் பரிமாற்ற முறைகள்) கேபிள் வழியாக பி.எம்.எஸ். சொல்லும் கணக்குதான் நம்பத் தகுந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி போர்ட் இருந்தால் போதாது. உங்கள் இன்வெர்ட்டர் மாடலின் பெயர் பேட்டரி கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கும் தானாகச் சரியாக இருந்துவிடாது. மழைக்காலத்தில் பல நாட்கள் முழு சார்ஜ் ஏறாமலே ஓடினால் சதவீதம் மெல்ல விலகிப் போகும். திரையில் நன்றாகவே காட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். செல்களைச் சமப்படுத்தும் வேலையும் பெரும்பாலும் உச்ச சார்ஜில்தான் நடக்கிறது. வெயில் இல்லாத வாரங்களில் நான் கிரிட்டிலிருந்தாவது ஒருமுறை நூறு தொட வைத்துவிடுவேன். அப்புறம் எண் ஒழுங்காகிவிடும்.

இன்வெர்ட்டர் செட்டிங்கில் ஈக்வலைசேஷனை (அவ்வப்போது வழக்கத்தைவிட அதிக வோல்டேஜில் சார்ஜ் ஏற்றும் முறை) கண்டிப்பாக அணைத்துவிடுங்கள், அது லெட் ஆசிட்டுக்கானது. செல்லுக்கு 3.65 வீதம் 58.4 வோல்ட் வரை ஏற்றலாம்தான். மேலே சொன்ன தகவல் கேபிள் இணைப்பு இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு 56 போதும், பேட்டரியும் நிரம்பும், செல்லுக்கும் சிரமமில்லை. பேட்டரியை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சூடு ஆயுளைச் சீக்கிரம் குறைத்துவிடும். உறைநிலைக்குக் கீழே குளிர்கிற இடமென்றால், அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

வாரண்டியில் வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் இத்தனை யூனிட் வெளியே எடுக்கும் வரை என்று ஒரு வரம்பும் பல கம்பெனிகளில் உண்டு, எது முதலில் வருகிறதோ அத்தோடு சரி. பின்னால் இன்னொரு பேட்டரி சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதே மாடல் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சேர்க்கும் நாளில் இரண்டையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்து, ஒரே நீளக் கேபிளில் இணைக்கச் சொல்லுங்கள்.