ஆவிக்கூண்டா, ஹூட்டா? மேப்பிள் கொட்டகை கட்டுமுன்

மேப்பிள் மரத்திலிருந்து வடியும் சாற்றில் இனிப்பு சுமார் 2 சதவீதம்தான். வாயில் விட்டால் சர்க்கரை டம்ளரைக் கழுவிய தண்ணீர் போலிருக்கும். அது பாகுப் பதத்துக்கு வர 66, 67 சதவீதம் வரை காய்ச்ச வேண்டும். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 43 லிட்டர் சாறு பிடிக்கும். அதில் 42 லிட்டர் ஆவியாகவே போய்விடுகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால் சுமார் 1,670 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரே ஒரு லிட்டர் பாகு காய்ச்ச 70 கன மீட்டர் ஆவி எழுகிறது. 5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள கொட்டகையில் பாதிக்கு மேல் அதிலேயே நிரம்பிவிடும். பாகு காய்ச்சக் கொட்டகை கட்ட நினைப்பவர்கள் பலகையின் விலையை விசாரிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மரம் சாறு விடும். கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக், அமெரிக்காவின் வெர்மாண்ட் பக்கங்களில் பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை, கூடிப்போனால் ஆறு வாரம். மீதி 46 வாரம் அந்தக் கட்டடம் என்ன செய்யப்போகிறது? ஆவி போகும் வழியை முடிவு செய்வதே இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

முதலில் பழைய வழி. கூரை முகட்டின் மேல் இன்னொரு குட்டிக் கூரை. அதன் இரு பக்கமும் கீல் வைத்த பலகைக் கதவுகள். கப்பியில் ஓடும் கயிற்றைக் கீழேயிருந்து இழுத்தால் திறக்கும். இதை ஆவிக்கூண்டு என்று சொல்லிக்கொள்வோம். மின்சாரம் வேண்டாம், பழுதாக இயந்திரம் இல்லை, ஊர்த் தச்சரே கட்டிவிடுவார். அதிலிருந்து வெள்ளையாக எழும் ஆவியைச் சாலையிலிருந்து பார்த்தே அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள்.

கூண்டின் திறப்பு சாறு கொதிக்கும் தட்டின் நீளத்துக்குக் குறையாமல், தட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இதில் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒன்டாரியோவின் லனார்க் கவுண்டியில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் கொட்டகையில் கண்ணால் பார்த்தேன். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கூண்டைக் கட்டடத்தின் நட்டநடுவில் வைத்துவிட்டார். அடுப்போ விறகுக் கதவுக்குப் பக்கமாக ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. ஆவி நேராகப் போய்க் கூரைச் சரிவில் முட்டியது. வெளியே பனி, உள்ளே ஆவி, கைமரமெல்லாம் வியர்த்தது. மரத்தூசியும் கரியும் கரைந்து, தேநீர் நிறத்தில் ஒவ்வொரு சொட்டாகத் திரண்டு, கீழே கொதிக்கும் தட்டிலேயே விழுந்தது. அன்று காய்ச்சியதை அவர் விற்கவில்லை.

மேலே திறந்தால் மட்டும் ஆவி போய்விடாது. கீழிருந்து காற்று உள்ளே வந்தால்தான் மேலே தள்ளும். குளிருக்குப் பயந்து கதவையெல்லாம் சாத்திவிட்டால் பத்தே நிமிடத்தில் வெப்பமானி கண்ணுக்குத் தெரியாது. பாகுப் பதம் தண்ணீரின் கொதிநிலையைவிட நான்கு டிகிரி மேலே நிற்கும் விஷயம். கொஞ்சம் அசந்தால் தட்டு தீய்ந்துவிடும். அடுப்பு வாய்க்கு அருகே, தரையை ஒட்டி ஒரு காற்று வழி கட்டாயம் வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் கூண்டின் இரு கதவையும் திறக்கக்கூடாது. காற்று வரும் பக்கத்தைச் சாத்தி, மறுபக்கத்தை மட்டும் திறந்தால் ஆவி தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறும்.

சீசன் முடிந்த பிறகு இதே கொட்டகை விறகு உலர்த்த அருமையான இடம். கோடையில் கதவைத் திறந்துவிட்டால் வெக்கை மேலே ஏறிப் போய்விடும், தச்சு வேலையும் செய்யலாம். ஆனால் குளிர்காலத்தில் மனிதர் தங்க இது லாயக்கில்லை. கூண்டுக் கதவுகள் ஒருநாளும் இறுக்கமாகச் சேராது. இடுக்கு வழியே பொடிப்பனி வரும், குளவி கூடு கட்டும், வவ்வால் குடியேறும். அந்த ஓட்டையை வைத்துக்கொண்டு கூரைக்கு இன்சுலேஷன் போடுவது வீண்செலவு.

அடுத்தது ஹூட். சமையலறைச் சிம்னியை எவர்சில்வரில் பெரிதாகச் செய்து தட்டின் மேல் கவிழ்த்தது போல இருக்கும். ஆவி அறைக்குள் பரவாமல் குழாய் வழியாக நேரே கூரைக்கு வெளியே போகும். உள்விளிம்பில் ஓடும் சிறு வடிகால், குளிர்ந்து வழியும் நீரைத் தட்டில் விழாமல் பக்கவாட்டில் இறக்கிவிடும். அந்தச் சுடுநீரில் பாத்திரமெல்லாம் கழுவலாம். ஹூட்டுக்குள்ளேயே ஒரு குழாயை ஓட்டிக் குளிர்ந்த சாற்றை அதில் விட்டால், தட்டுக்கு வரும்போதே சூடாக இருக்கும், விறகு மிச்சம்.

செலவு அதிகம் என்பது உண்மை. ஈயம் கலந்த பற்றவைப்பு இருக்கவே கூடாது. நுரை பொங்குவதைப் பார்க்கச் சிறு கதவு வைக்க வேண்டும். கழுவ ஹூட்டைத் தூக்கக் கப்பியும் வேண்டும். பதம் பார்க்கும் கடைசித் தட்டைப் பெரும்பாலோர் மூடாமலே விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் ஆவி அறையில் தங்கத்தான் செய்யும்.

சீசனுக்குப் பின்னர் ஹூட்தான் ஜெயிக்கிறது. கூரையில் பெரிய திறப்பு இல்லை. உள்கூரை அடித்து இன்சுலேஷன் போடலாம். குழாய்களுக்கு மூடி போட்டு, ஹூட்டை மேலே தூக்கிக் கட்டிவிட்டால் அறை கிடைத்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இறுக்கமாக அடைத்த அறையில் விறகடுப்பு எரியும்போது, ஆவி சீக்கிரம் போகட்டும் என்று யாரும் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டாதீர்கள். வெளிக்காற்று வர வழியில்லையென்றால் அந்த ஃபேன் புகைபோக்கியிலிருந்தே காற்றை இழுக்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். அதற்கு வாசனையே கிடையாது. அடுப்புக்கு மட்டுமென்று வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்று கொடுங்கள், அலாரமும் மாட்டுங்கள்.

சாற்றைச் சவ்வு வழியே அழுத்தி, காய்ச்சும் முன்பே நீரைப் பிரித்தெடுக்கும் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் இயந்திரம் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 2 சதவீதச் சாற்றை 8 சதவீதமாக்கினால் காய்ச்ச வேண்டிய நீர் 42 லிட்டரிலிருந்து பத்து லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அடுப்பு அதேதான் என்றால் மணிக்கு எழும் ஆவி குறையாது, காய்ச்சும் மணிநேரம்தான் குறையும். அதனால் கூண்டைச் சிறிதாக்கிவிடக் கூடாது. அதோடு அந்த இயந்திரத்துக்குள் நீர் உறைந்தால் கெட்டுப்போகும். அதற்கென்று சூடான ஒரு சிற்றறை எப்படியும் கட்டியாக வேண்டும்.

அந்தச் சிற்றறையைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் என்ன? ஆவிக்கூண்டு வைத்த காய்ச்சும் கூடம் ஒரு பக்கம். நடுவே ஈரம் புகாத சுவரும் இறுக்கமான கதவும். மறுபக்கம் தாழ்ந்த கூரையும் இன்சுலேஷனும் தனிச் சிற்றடுப்பும் உள்ள அறை. மார்ச்சில் அங்கே இயந்திரமும் பாகு நிரப்பும் மேஜையும். மற்ற மாதங்களில் சமையலறை, விருந்தினர் அறை, சிறு கடை, எதுவாகவும் ஆகலாம். கியூபெக்கின் ரிகோவில் உள்ள சூக்ரெரி த லா மொன்டாய்ன் என்ற மேப்பிள் கொட்டகை வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது. பாகு காய்ச்சும் இடத்துக்கு ஜூலையிலும் ஆள் வருவார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், விறகும் கருவியும் வைப்பதற்குக் கூண்டு, ஆள் இருப்பதற்கு ஹூட் என்பேன். இடமும் கைப்பணமும் இருந்தால் அந்தத் தேர்வையே விட்டு, நடுவே இந்தச் சுவரைக் கட்டுங்கள். காய்ச்சும் கூடத்துக்கு மேல் மாடி போட்டுப் படுக்கையறை கட்ட மட்டும் ஆசைப்படாதீர்கள். அடியில் மணிக்கணக்காக எரிவது நெருப்பு.

எலித் தொல்லையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். சீசன் முடிந்ததும் சாம்பலை முழுக்க அள்ளி, அடுப்பு வாயையும் புகைபோக்கியையும் கம்பிவலையால் அடைக்காவிட்டால் அடுப்புக்குள் குடும்பமே நடத்தும்.

லனார்க் நண்பர் அடுத்த கோடையில் கூண்டைத் தொடவில்லை. அடுப்பைச் செங்கல் செங்கலாகப் பிரித்து ஒன்றரை மீட்டர் நகர்த்தினார். பழைய புகைபோக்கி இருந்த ஓட்டையைத் தகரத்தால் மூடினார். காலியான அந்த மூலையில்தான் சுவர் எழுந்தது. போன ஜூலையில் நான் போனபோது அதற்குள் ஸ்ட்ராபெரி ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது; சுவருக்கு அந்தப் பக்கம், திறந்த கூண்டின் கீழே, அடுத்த மார்ச்சுக்கான விறகு காய்ந்துகொண்டிருந்தது.