‘ஹார்வி மில் ஸ்பானர் செட்’ என்று யாராவது காட்டினால் வெர்னியரோடு போங்கள்

நெல்லை டவுன் பக்கம் பழைய டூல்ஸ் விற்கிற ஒருவரிடம் 4,500 ரூபாய் கொடுத்து ஒரு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஸ்பானர் செட் வாங்கினேன். காக்கி கான்வாஸ் சுருள், உள்ளே எட்டு ஸ்பானர். “விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில் ஏலத்துல எடுத்தது அண்ணாச்சி, ஒரு பீஸ்கூடக் குறையாது” என்றார். எட்டில் மூன்று டூப்ளிகேட். (அந்தப் பழைய பஞ்சாலையின் பேரைச் சொன்னால் போதும், எங்கள் பக்கம் துருப்பிடித்த ஆணிக்கும் விலை ஏறிவிடும்.)

இதை நான் ஷோகேஸில் வைக்க வாங்கவில்லை. கிணற்றடியில் கிடக்கிற தாத்தா காலத்து லிஸ்டர் ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்ட வேண்டும். அதன் நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் ஒழுங்காக உட்காராது. 1/4 அங்குல ஸ்பானரை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினேன். நழுவி, நட்டின் முனை மழுங்கிவிட்டது. வெர்னியர் (நுட்பமாக அளக்கும் காலிப்பர்) வைத்து வாயை அளந்தால் 14 மி.மீ.

ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த முறை இது. ஸ்பானரில் இருக்கும் எண் போல்ட்டுத் தண்டின் விட்டம், வாயின் அகலம் அல்ல. 1/4 என்றால் வாய் 13.3 மி.மீ. இருக்க வேண்டும்; 5/16-க்கு 15.2, 3/8-க்கு 18. எனக்கு வந்தது கடையில் கிடைக்கிற சாதாரண 14-15 ஸ்பானர். பழைய எண்ணைக் கிரைண்டரில் அழித்துவிட்டு, 15 வாயை அரத்தால் கொஞ்சம் அகட்டியிருக்கிறார்கள். அரம் ஓடிய கோடு வாய்க்குள் அப்படியே தெரிகிறது.

எழுத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அசலில் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். இதில் ஒவ்வொரு எழுத்தாகப் பஞ்ச் வைத்து அடித்திருக்கிறார்கள். ‘இங்கிலாந்து’ மேலும் கீழுமாக ஆடுகிறது, விளிம்பில் பிசிறு விரலில் தட்டுகிறது. ஒரே வாயில் 1/4 W, 1/4 BS என்று வேறு போட்டிருக்கிறது! W என்றால் விட்வொர்த்; BS என்றால் BSF, நெருக்கமான மரை கொண்ட இன்னொரு பிரிட்டிஷ் அளவு. அதில் நட்டு ஒரு சைஸ் சின்னது. 1/4 W பக்கத்தில் 5/16 BS-தான் வரும். துருவும் ஆசிட் ஊற்றி வரவழைத்தது. துணியால் துடைத்தால் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வருகிறது, அடியில் கிரைண்டர் கோடு பளிச்சென்று தெரிகிறது.

திருப்பிக் கொண்டுபோனால், “பழைய சாமானுக்கு ஏது அண்ணாச்சி கேரண்டி? செட்டு முழுசா வேணும்னு நீங்கதான கேட்டிய?” என்கிறார். அதற்கு மேல் போனை எடுக்கவில்லை.

குறைகிற சைஸுக்கு வேறு கம்பெனி ஸ்பானரைச் சேர்ப்பது தப்பே இல்லை. செட் சேர்க்கிற எல்லோரும் செய்வதுதான். அதைச் சொல்லி விற்க வேண்டும். மீதி ஐந்தும் நல்ல அசல் சரக்கு, அவற்றுக்கு மட்டும் விலை கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

இப்போது அதே ஹார்வி மில் கதையோடு இன்னொரு காக்கிச் சுருள் தென்காசி வாட்ஸப் குரூப் ஒன்றில் 6,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. பிடித்தால், ஒவ்வொரு ஸ்பானரின் வாயிலும் வெர்னியரை வைத்து, அளவு தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள்.