கடற்கரை மணலில் ஒரு சீசன் தாங்குமா? தைத்த ரப்பர் கால்பந்து: ஒரு மதிப்பீடு

குமரி மாவட்டத்தில் இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை உள்ள கரைகளில், ஒரு கால்பந்துக் கிளப் சீசன் முழுக்கப் பயிற்சிக்குப் பந்து வாங்க வேண்டுமென்றால் 32 பேனல்களை (தோல் துண்டுகளை) கையால் தைத்த ரப்பர் பந்தைத்தான் வாங்க வேண்டும். இந்த வகையில் பலரும் பெயர் சொல்லிக் கேட்பது நிவியா ஸ்டார்ம். விலை ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். அதே கடையில் ஐரோப்பிய லீக் முத்திரை அச்சிட்ட பளபளப்பான பந்துகளும் தொங்கும். பையன்களின் கண் அங்கேதான் போகும். ஆனால் நம் தரைக்கு அவை ஆகாது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளப்பின் காசு இதில்தான் அதிகம் வீணாகிறது.

ஐரோப்பாவின் பரோயே தீவுகளின் லீக்கை எடுத்துக்கொள்வோம். மீன்பிடிப்பை நம்பி வாழும் குட்டி நாடு, மக்கள்தொகை சுமார் 54,000. அந்த லீக்கின் கிளாக்ஸ்விக் அணி 2023-ல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் பெரென்ஸ்வாரோஸ் அணியை புடாபெஸ்டிலேயே 3-0 என்று அடித்து வெளியேற்றியது. பரோயேயிலும் உப்புக்காற்று உண்டு, மழைக்கும் குறைவில்லை. ஆனால் மைதானங்கள் பெரும்பாலும் செயற்கைப் புல். பந்து உருளுவது பிளாஸ்டிக் இழை மேல். அந்தத் தரைக்கு, தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டிய பேனல் பந்து அருமையாகப் பொருந்தும். தண்ணீர் உள்ளே போக வழியில்லை. உலகக் கால்பந்து அமைப்பான பிபாவின் உயர்தர முத்திரையான குவாலிட்டி புரோ பெறுகிற பந்தைத் தண்ணீரில் வைத்து 250 முறை அமுக்கிப் பார்க்கிறார்கள். எடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது.

அதே பந்தை நம் கடற்கரையில் போட்டால் கதை வேறு. இந்தக் கரையோரத்து மணல் சாதாரண மணல் அல்ல. மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணலில் இல்மனைட், ஜிர்கான் தாதுக்களோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல். ஒவ்வொரு உதையிலும் பந்தின் மேல்தோல் அதில் உரசுகிறது. பியூ என்று சொல்லும் பாலியூரிதேன் மேல்பூச்சு மெல்லியது, மென்மையானது. முதலில் அச்சு போகும், பிறகு பூச்சு செதில் செதிலாக உரியும், அதன் பிறகு அடியில் இருக்கும் துணி ஈரம் குடிக்கத் தொடங்கும். ஈரம் குடித்த பந்து கனத்துப்போய், காற்றில் நேராகப் போகாது. மேற்குப் பகுதியில் குலசேகரம், குழித்துறைப் பக்கத்துச் சரள் தரையிலும் இதே கதி, கொஞ்சம் வேகமாக. ரப்பர் மேல்தோல் தடித்தது. தேயும், ஆனால் உரியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் பந்து கல் மாதிரி இருக்கும். காலில் வந்து விழும்போது ஒட்டி நிற்காமல் துள்ளி விலகும். முதல் டச் பழகுகிற பையனுக்கு இது சிரமம். காற்று அதிகமாக இருந்தால் ஹெட் அடிக்கும்போது நெற்றி சிவந்துவிடும். இந்தப் பந்திலேயே பழகிவிட்டு, நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்திலோ வெளியூர் புல்தரையிலோ பியூ பந்தில் ஆடப் போனால் பாஸ் எல்லாம் நீளமாகப் போகும். ஆகவே போட்டிக்குப் போகிற அணி ஒரு நல்ல பியூ பந்தும் வைத்திருக்க வேண்டும். அதைக் கடைசி ஒரு வாரப் பயிற்சிக்கு மட்டும், அதுவும் புல் உள்ள இடத்தில் மட்டும் எடுங்கள். மைக்கேல் சூசைராஜ் மாதிரி இந்தியன் சூப்பர் லீக் வரை ஆட்களை அனுப்பிய கரை இது. இங்கே பையன்களுக்குக் கால் திறமை குறைவில்லை. பந்து மாறும்போது வரும் தடுமாற்றத்தைத்தான் குறைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஐந்தாம் நம்பர் பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். பக்கத்து மளிகைக் கடைத் தராசும் தையல்காரர் டேப்பும் போதும். டேப்பை இரண்டு மூன்று திசையில் சுற்றிப் பாருங்கள். ஒரு திசைக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பந்து முட்டை வடிவம், வேண்டாம். சமதரையில் மெதுவாக உருட்டிவிட்டு ஆடி ஆடிப் போகிறதா என்றும் கவனியுங்கள். தையல் ஓரத்தைப் பெருவிரலால் விரித்துப் பார்த்தால் நூல் தெரியக் கூடாது. வால்வு மேல் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பழைய வழிதான், இன்றும் அதற்கு மாற்றில்லை.

உள்ளே காற்று நிற்கும் பையான பிளாடர் பியூட்டைல் ரப்பரா லேடெக்ஸ் ரப்பரா என்று கேளுங்கள். லேடெக்ஸ் மென்மையாகத் துள்ளும், ஆனால் காற்றைப் பிடித்து வைக்காது. அடிக்கடி காற்றடிக்க வேண்டியிருக்கும். பம்பு எப்போதும் கையில் இருக்காத கிளப்புக்குப் பியூட்டைல்தான்.

பல பந்துகள் சாவது காற்றடிக்கும்போதுதான். விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ (டயருக்கு அளக்கும் அதே அளவு). கரைப் பயிற்சிக்கு 9, 10 போதும். ரப்பர் பந்தில் அதற்கு மேல் போனால் தையலுக்கும் நெற்றிக்கும் கேடு. பெட்ரோல் பங்கில் பைக் டயருக்கு அடிக்கும் குழாயை மாட்டாதீர்கள். அங்கே 25, 30 பிஎஸ்ஐ-க்கு அடிக்கிற வேகத்தில் பந்து ஓரிரு வினாடியில் வீங்கிவிடும், தையல் துளைகள் இழுபட்டுப் பெரிதாகும், பிறகு சுருங்காது. கைப் பம்பு வாங்குங்கள், அளவு காட்டும் கடிகாரம் உள்ளதானால் இன்னும் நல்லது. அது இல்லாவிட்டால், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். ஒன்றே கால் முதல் ஒன்றரை மீட்டர் வரை எழும்பினால் காற்று சரி.

பம்பு ஊசியை உலர்ந்தபடி வால்வில் குத்தவே கூடாது. உலர்ந்த ஊசி வால்வின் வாயைக் கிழிக்கும், சில சமயம் வால்வையே உள்ளே தள்ளிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு சொட்டு ஊசியில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் எதுவும் ஆகாது; ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். கடற்கரையில் காற்றடித்தால் முதலில் வால்வு வாயை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஊசியோடு ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வு மூடாமல் மெல்லக் கசியும். பிளாடர் ஓட்டை என்று தூக்கிப்போடும் முன் இதைச் சோதியுங்கள்.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். காலை 28 டிகிரியில் 10 பிஎஸ்ஐ அடித்த பந்தை மதியம் மணலில் போட்டு உள்காற்று 45 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 1.4 பிஎஸ்ஐ கூடும். பழைய தையல் விடுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ஆட்டம் இல்லாத நேரம் நிழலில் வையுங்கள்.

கடல் தண்ணீர் பட்ட பந்தை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்துணியால் தையல் இடுக்கைத் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். இடுக்கில் தங்கிய உப்பு உலர்ந்து பொடிக்கல்லாகிறது. அடுத்த நாள் ஒவ்வொரு உதையிலும் அதுவும் மணலும் சேர்ந்து நூலை அறுக்கும். இரண்டு கண்ணி விட்டவுடன் பிளாடர் அந்த இடத்தில் வயிறு தள்ளும். இதைக் கண்டவுடன் ஆட்டத்தை நிறுத்திக் காற்றைக் குறைத்துவிடுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் மெழுகு ஏற்றிய நைலான் நூலில் தைத்துத் தருவார். பிளாடரே போனால்கூட இரண்டு பேனலைப் பிரித்து, புதியதைச் செருகி, மறுபடி தைக்கலாம். ஒட்டிய பந்தில் இந்த வசதி கிடையாது. பசை விட்டால் அதோடு சரி.

பதினைந்து பேர் பழகும் கிளப்புக்கு ஆறு ரப்பர் பந்து, ஒரு பியூ பந்து, ஒரு பம்பு, ஐந்து ஊசி என்று வாங்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான்காம் நம்பர் தனியாக வேண்டும்: 350 முதல் 390 கிராம். அவர்கள் பந்தில் காற்று இன்னும் குறைவாக இருக்கட்டும், ஏழு எட்டு பிஎஸ்ஐ போதும். இந்த வயதில் ரப்பர் பந்தில் ஹெட் பழக்க வேண்டாம்.