அடைக்கோழியா, இன்குபேட்டரா? 22-ஆம் நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

மாசி மாதம், ஒரே நாள் சாயங்காலம் இரண்டு இடத்தில் முட்டை வைத்தேன். மாட்டுக்கொட்டகை மூலையில் அடைக்கு வந்த ஒரு சிறுவிடைக் கோழிக்கு (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) 11. வீட்டுக்குள் மேசை மேல் இன்குபேட்டரில், அதாவது மின்சாரச் சூட்டில் முட்டை பொரிக்கும் பெட்டியில், 36. எல்லாம் ஒரே பட்டிக் கோழிகள் இட்டவை, ஒரே சேவல். கோழி 9 குஞ்சு பொரித்தது. இன்குபேட்டரில் 25 வந்தன.

நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். எனக்கு அது முக்கால்வாசிக் கணக்காகத்தான் தெரிகிறது. பத்துப் பதினைந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அடைக்கோழிதான் சரி என்பது என் முடிவு. அதற்குக் காரணம் பொரிக்கிற 21 நாளில் இருப்பதைவிட, அதற்கு அப்புறம் வரும் நாட்களில் அதிகம் இருக்கிறது.

கோழியில் ஆரம்பிக்கிறேன். அடைக்கு வந்த கோழி, முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் கூட்டிலேயே படுத்துக் கிடக்கும். கிட்டப் போனால் சிறகை உப்பிக்கொண்டு கேறும். கையை அடியில் விட்டால் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தட்டுப்படும், சுடச்சுட. முட்டைக்கு நேராகச் சூடு இறங்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இந்த அறிகுறியெல்லாம் இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால்தான் முட்டை வைக்க வேண்டும். நேற்றுப் படுத்ததை நம்பி இன்று வைத்தால் பாதியில் எழுந்து போய்விடும்.

கூடை வைப்பது அப்பத்தா வேலை. பழைய ஓலைக்கூடையில் ஈர மணல் பரப்பி, அதன் மேல் வைக்கோல், வைக்கோலுக்கு நடுவே ஒரு கொத்து வேப்பிலை. அப்புறம் ஓர் அடுப்புக்கரி, ஒரு இரும்பு ஆணி, இரண்டு மிளகாய் வத்தல். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க என்பார். ஈர மணல் வெயில் காலத்தில் முட்டை காய்ந்துபோகாமல் காக்கும், வேப்பிலை பேனும் செள்ளும் அண்டாமல் இருக்க உதவும். கரிக்கும் ஆணிக்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் அப்பத்தா வைத்ததை நான் எடுப்பதில்லை.

ராத்திரியில்தான் கோழியைக் கூடைக்கு மாற்ற வேண்டும். பகலில் தூக்கி வைத்தால் பழைய இடத்துக்கே ஓடும். முட்டையில் அடுப்புக்கரியாலோ பென்சிலாலோ ஒரு கோடு போட்டுவிடுங்கள். மற்ற கோழிகள் அந்தக் கூடைக்குள்ளேயே வந்து முட்டையிடும். கோடு இல்லாததைத் தினமும் எடுத்துவிடலாம். இதை விட்டுவிட்டு ஒரு தடவை நான் பட்டது போதும். 21-ஆம் நாள் ஐந்து குஞ்சு வந்ததும் கோழி அவற்றோடு இறங்கிப் போய்விட்டது, பாதிக் கருவில் இருந்த ஆறு முட்டை கூடையிலேயே ஆறிப் போயின.

இதற்கு மேல் நமக்கு வேலை அதிகம் இல்லை. முட்டையைப் புரட்டுவது, நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றுவது எல்லாம் அதுவே செய்யும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து, ஊரே நாறும்படி ஒரு பெரிய எச்சம் போட்டு, அவசரமாகக் கம்பு தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டுவிட்டு இருபது நிமிடத்துக்குள் திரும்பிவிடும். அந்த இருபது நிமிடத்தில் முட்டை கொஞ்சம் ஆறும், அதனால் கெடுதல் இல்லை. எழுந்திருக்கவே மாட்டேன் என்று கிடக்கும் கோழியை நாமே தூக்கித் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விட வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு வருவதற்குள் நெஞ்செலும்பு கத்தியாகத் துருத்திவிடும்.

இனி இன்குபேட்டர். காற்றாடி வைத்ததென்றால் 37.5 முதல் 37.8 டிகிரி வரை சூடு. ஈரப்பதம் முதல் 18 நாள் 50-55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-70. தானாகப் புரட்டும் வசதி இல்லாவிட்டால் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை கையால் புரட்ட வேண்டும். ஒற்றைப்படையில் புரட்டினால்தான் நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் மேலே இருக்காது. சொல்வதற்கு இவ்வளவுதான். கஷ்டம் எங்கே என்றால், கோழிக்குத் தானே தெரிந்த சூட்டை இங்கே ஒரு சின்னச் சென்சாரை நம்பி விடுகிறோம்.

நான் வாங்கிய புதிதில் திரையில் 37.7 என்று அசையாமல் நின்றது. முதல் தடவை வைத்த முட்டைகள் 19-ஆம் நாள் இரவே விரிசல் விட ஆரம்பித்தன. வந்த குஞ்சுகளில் பாதிக்குத் தொப்புள் மூடவில்லை, நான்கு நாளில் ஒவ்வொன்றாகச் செத்தன. அப்புறம்தான் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். 38.6 காட்டியது. ஒரு டிகிரிக்குப் பக்கம் கூடுதல், அதுவே போதும். சூடு சற்றுக் குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும். கூடினால் உயிரே போகும். அதனால்தான் மின்சாரம் ஓரிரு மணி நேரம் போனால் நான் இப்போது பதறுவதில்லை, பெட்டியைத் திறக்காமல் மேலே ஒரு போர்வையைப் போட்டுவிடுகிறேன். முட்டை வைப்பதற்கு முந்தைய நாள் முழுக்க வெறும் பெட்டியை ஓடவிட்டு, வேறொரு தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்ப்பதை மட்டும் விடுவதே இல்லை.

முட்டை தேர்வு இரண்டுக்கும் ஒன்றுதான். ஏழு நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மணல் சட்டி வைத்தால் போதும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை மழுங்கல் முனையில் வைத்துப் பாருங்கள். கரு கூடியிருந்தால் சிலந்தி கால் விரித்தது போல ரத்த நரம்பு தெரியும். ஒன்றும் இல்லாமல் வெளிச்சமாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம். இன்குபேட்டரில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், உள்ளே ஒரு முட்டை அழுகி வெடித்தால் மொத்தமும் போகும்.

காத்திருப்பில் பெரிய வித்தியாசம் 18-ஆம் நாளுக்கு மேல்தான் வருகிறது. 20-ஆம் நாள் குஞ்சு உள்ளே இருக்கும் காற்றறைச் சவ்வைக் கிழித்து முதல் மூச்சு விடும். அப்போதே முட்டைக்குள் இருந்து சத்தம் கேட்கும். கொட்டகையில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். கோழிக்கு அடியில் இருந்து நூல் மாதிரி ஒரு 'கீச்', உடனே கோழி அடித்தொண்டையில் 'க்ளக்' என்று பதில் சொல்கிறது. அந்த ஒரு நாள் கோழி எழுந்து தீனிக்குக்கூடப் போகாது. நாம் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

இன்குபேட்டரில் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். தெரிவதுதான் ஆபத்து. ஓட்டில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து, அப்புறம் பத்து மணி நேரம் ஒன்றுமே நடக்காது. குஞ்சு செத்துப்போனதோ என்று மனது அடித்துக்கொள்ளும். உண்மையில் அது அந்த நேரத்தில் சவ்வில் இருக்கும் ரத்தத்தையும் மஞ்சள் கருவின் மிச்சத்தையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து நகத்தால் ஓட்டைக் கிள்ளி உதவினேன். சவ்வில் பொட்டாக ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. போதாததற்கு, மூடியைத் திறந்ததில் ஈரப்பதம் இறங்கி, பக்கத்தில் இருந்த இரண்டு முட்டையில் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மூன்றும் போயின. 18-ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, மூடியை மூடினால் மூடினதுதான். வந்த குஞ்சுக்கு உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாள் வரை தாங்கும், பசியில் துடிக்கிறதே என்று திறக்க வேண்டாம்.

இப்போது 22-ஆம் நாள். மேசை மேல் 25 குஞ்சு கத்துகிறது. அட்டைப்பெட்டி, பல்பு, முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பு. தண்ணீரில் அலகைத் தோய்த்துக் குடிக்கக் கற்றுத்தர வேண்டும். ராத்திரி குளிர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். ஒரு மாதம் வீட்டில் ஒருவர் இதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் வெளியே விட்டால் காக்கை, பருந்து, கீரி என்றால் என்ன என்றே அவற்றுக்குத் தெரியாது.

கொட்டகையில் கோழி 9 குஞ்சோடு பஞ்சாரத்துக்குள் (கவிழ்த்து வைக்கும் பெரிய கூடை) இருக்கிறது. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, ராத்திரி மண்ணில் கவிழ்த்து வைத்திருந்தோம். விடிந்ததும் புரட்டிக் கொட்டினால் கரையான் நெளிகிறது. கோழி ஒன்றைக் கொத்தித் தூக்கிக் கீழே போட்டு 'கொக்கொக்' என்கிறது, குஞ்சுகள் ஓடிவந்து தின்கின்றன. மூன்றாம் நாள் மேலே பருந்து நிழல் போனது, அது குரல் மாற்றிய அடுத்த நொடி ஒரு குஞ்சும் கண்ணில் படவில்லை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்கிற பழமொழியை நான் கண்ணால் பார்த்து நம்புகிறேன். இந்த வேலைக்குக் கூலி போட்டால் எந்த இன்குபேட்டரும் லாபம் காட்டாது.

இருந்தாலும் இன்குபேட்டருக்கு ஒரு நியாயம் உண்டு, அது பெரிய நியாயம். அடைக்கு விட்ட கோழி, குஞ்சு வளர்த்துப் பிரித்துவிட்டு மறுபடி முட்டைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முட்டையை எடுத்து அடையைத் தெளியவைத்தால் சில வாரத்தில் அடுத்த முட்டை ஆரம்பம். மாதம் நூறு குஞ்சு விற்க நினைப்பவருக்கு வேறு வழியில்லை. லெகார்ன் மாதிரி அடைக்கே வராத இனம் வைத்திருப்பவருக்கும் அப்படித்தான். எதில் பொரித்தாலும் ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டைத் தவறவிடக் கூடாது.

நான் இப்போது இரண்டையும் சேர்த்தே செய்கிறேன். ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வைப்பது அதற்காகத்தான். 22-ஆம் நாள் ராத்திரி, விளக்கைப் போடாமல், இன்குபேட்டர் குஞ்சில் வலுவான ஐந்தை மட்டும் துண்டில் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். வயது ஒன்றாக இருந்தால்தான் கோழி ஏற்கும், வாரம் ஆன குஞ்சைக் கொத்தி விரட்டும். ஒவ்வொன்றாக வயிற்றுக்கு அடியில் தள்ளினேன். கடைசிக் குஞ்சு பாதி வெளியே நின்று கத்தியது. கோழி கண்ணைத் திறக்காமலே இடது சிறகைக் கொஞ்சம் தூக்கி இடம் விட்டது.