மல்கோவாவா, கொய்யாவா, ஜூஸா: வளரும் பிள்ளைக்கு எவ்வளவு பழம்?

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலம் சின்னக் கடைவீதியில் வாங்கி வந்த மல்கோவா ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 430 கிராம். தோலையும் கொட்டையையும் கழித்தபின் சதை மட்டும் 290. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் அப்படிப்பட்ட பழத்தில் மூன்றை ஒரே மூச்சில் தின்றுவிட்டு, இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று எழுந்துகொண்டான். ஒன்பதாம் வகுப்பு மகள், உடம்பு போட்டுவிடும் என்று ஒரு கீற்றைக்கூடத் தொடவில்லை. "வளருகிற பிள்ளைகள், தின்னட்டும் விடு, பழத்துக்கு ஏது கணக்கு?" என்றார் மாமியார்.

கணக்கு இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரித் தட்டுக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம். உலக சுகாதார நிறுவனம் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயும் பழமும் சேர்த்தே குறைந்தது 400 கிராம் என்கிறது. அமெரிக்க அரசின் அளவோ 14 முதல் 18 வயதுப் பையனுக்குத் தினம் இரண்டு முதல் இரண்டரைக் கப், பெண்ணுக்கு ஒன்றரை முதல் இரண்டு கப். நறுக்கிய பழம் ஒரு கப் என்பது ஏறக்குறைய 150 கிராம்.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும். ஆனால் ஹைதராபாத் அளவு 2,000 கலோரிக்கானது. 16 வயதைத் தாண்டிய பையனுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் தேவையே 3,320 கலோரி, அதே வயதுப் பெண்ணுக்கு 2,500. அதோடு அந்த 100 கிராம், கூடவே 400 கிராம் காயும் தட்டில் இருக்கிறது என்று நம்பிச் சொன்னது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்வளவு காய் தின்கிறார்கள்? ஆகவே என் தீர்ப்பு: பெண்ணுக்கு 150 முதல் 200 கிராம், நன்றாக ஓடியாடும் பையனுக்கு 200 முதல் 300. காலையில் ஒரு வாழைப்பழம், சாயங்காலம் ஒரு கொய்யா என்றாலே ஏறக்குறைய அங்கே வந்துவிடும். மாம்பழக் காலத்தில் ஒரு முழு மல்கோவா, அன்றைக்கு வேறு பழம் இல்லை. அதிலும் தவறில்லை.

எந்தப் பழம் என்பதில்தான் உண்மையான போட்டி. மாம்பழத்தைக் குறை சொல்ல இந்த ஊரில் பிறந்த எவருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. வைட்டமின் ஏ-வுக்கு வேண்டிய கரோட்டின் அதில் ஏராளம். நூறு கிராமுக்கு அறுபது கலோரி, சர்க்கரை 14 கிராம் அளவில். ஒரு மல்கோவாவுக்கு 180 கலோரி கூட வராது. 3,000 கலோரி வேண்டிய பையனுக்கு அது பெரிய சுமை இல்லை. மகள் பயந்ததும் வீண் பயம்தான். ஆனால் மூன்று மல்கோவா இரவுச் சாப்பாட்டின் இடத்தில் உட்காரும்போது கதை மாறுகிறது. அந்த வயதுப் பையனுக்குத் தினம் 55 கிராம் புரதம் வேண்டும். மாம்பழச் சதையை ஒரு கிலோ தின்றாலும் பத்து கிராம் புரதம் தேறாது. சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் பெயரளவுக்குத்தான். வயிறு நிறைந்துவிடும், எலும்புக்கும் தசைக்கும் போக வேண்டியது போகாது.

கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, அதாவது பிள்ளையின் ஒரு நாள் தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் கூடுதல். நார்ச்சத்து மாம்பழத்தைவிட மூன்று மடங்குக்குக் குறையாது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது மிக முக்கியம். 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. கீரையிலும் ராகியிலும் இருக்கும் இரும்பை உடல் எளிதில் பிடித்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூடச் சேர்ந்தால்தான் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்ட கையோடு அரைக் கொய்யா தின்பது, எப்போதோ தனியாகத் தின்பதைவிட மேல். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது நேர் எதிர் வேலையைச் செய்கிறது.

ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒண்டிக்கடைப் பக்கம் பழக்கூடைகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே கொய்யாவை நான்காகப் பிளந்து, பிளவில் மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தரும்போது, விதைகளுக்கு நடுவே சிவப்பு இறங்கி நிற்கும். வீட்டில் கொய்யாவைத் திரும்பிப் பார்க்காத மகள் அங்கே இரண்டு கேட்பாள். உப்பைக் கொஞ்சம் குறைத்து அதே மாதிரி வீட்டிலும் நறுக்கி வைத்தால் தட்டு காலியாகிறது. மலை ஆரஞ்சும் நல்லதுதான். வைட்டமின் சி கொய்யாவில் கால்வாசி என்றாலும் ஒரு பழத்திலேயே பாதித் தேவைக்கு மேல் வந்துவிடும். பட்டர் ஃப்ரூட் தனி ரகம். நூறு கிராமுக்கு 160 கலோரி, பெரும்பாலும் நல்ல கொழுப்பு. மெலிந்த பிள்ளைக்கு ஏற்றது. ஆப்பிளுக்குக் கொட்டும் பணத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது: நூறு கிராமில் வைட்டமின் சி ஐந்து மில்லிகிராம் தொட்டால் அதிகம்.

ஜூஸ் இந்தப் போட்டியில் நிற்கவே தகுதியில்லாதது. ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு ஆரஞ்சு போகிறது. சக்கையோடு நார் குப்பைக்குப் போகிறது. கடைக்காரர் இரண்டு கரண்டி சர்க்கரையும் போடுகிறார். சர்க்கரையே சேர்க்காத சாற்றில் இருப்பதையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது; முழுப் பழத்தில் இருப்பதை வைக்கவில்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் தட்டுவடை செட் கடைக்குப் போவதைக்கூட நான் தடுக்கமாட்டேன், அதிலாவது துருவிய காரட்டும் பீட்ரூட்டும் இருக்கிறது. பக்கத்துக் கடை ஜூஸுக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை.

மகனைவிட மகளைப் பற்றித்தான் கவலை அதிகம். சில மாதங்களுக்கு முன் இரவில் இட்லியை ஒதுக்கிவிட்டு ஒரு கிண்ணம் பப்பாளி, தர்பூசணியோடு படுக்கப் போக ஆரம்பித்தாள். அந்தக் கிண்ணம் முந்நூறு கிராம் இருந்தாலும் நூறு கலோரி சொச்சம்தான். 13 வயதில் பெண்ணுக்கு 2,400 கலோரியும் 43 கிராம் புரதமும் வேண்டும். பழம் அதிகம் என்று அவளைக் கண்டிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இட்லி இரண்டு, சாம்பார் ஒரு கரண்டி, அப்புறம் கிண்ணம் உன்னுடையது" என்றேன். முதல் வாரம் ஒரு இட்லியோடு எழுந்தாள்.

இப்போது மாம்பழக் கூடை வந்தால் காம்புப் பால் போக அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டு, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கத்தியை எடுக்கிறேன். ஆளுக்கு ஒரு பழம். கொட்டை யாருக்கு என்று இரண்டும் இன்னும் சண்டை போடுகின்றன.