பகல் கொசுவுக்கு வாளி, இரவுக் கொசுவுக்கு வலை

வேளச்சேரியில் மாலை ஐந்தரை மணி ஆனால் எங்கள் தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடும். ஒரு பக்கம் ஏரி, சற்றுத் தள்ளிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், வாசலை ஒட்டி மழைநீர் வடிகால். கொசுவை ஒழிப்பதாகச் சொல்லிக் கடையில் விற்கும் ஏறத்தாழ எல்லாவற்றையும் இங்கே வாங்கிப் பார்த்தாயிற்று. "இதில் எது நல்லது?" என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உங்களைக் கடிப்பது பகலிலா, இரவிலா?

இந்தக் கேள்வி இல்லாமல் எந்த ஒப்பீடும் வீண். காலில் வெள்ளைப் பட்டையோடு, ஓசையே இல்லாமல் மேசைக்கு அடியில் கணுக்காலைத் தேடி வருவது ஏடிஸ். காலையிலும் பிற்பகலிலும் கடிக்கும். டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் கொடை. நல்ல தண்ணீரில்தான் வளரும். சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போகாது. ஆகவே உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். இரவில் காதோரம் ரீங்காரமிடும் பழுப்பு நிறக் கொசு க்யூலெக்ஸ். சாக்கடையும் செப்டிக் டேங்கும் அதன் தாய்வீடு. யானைக்கால் நோயைப் பரப்புவது இதுவே. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரக்கூடியது. மூன்றாவது, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சுவரில் உட்காரும் அனாபிலிஸ். சென்னை மலேரியாவுக்குக் காரணமான வகை மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது.

பகல் கொசுவை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு எதிராக வாளியும் தேய்க்கும் நாரும் ஒரு பக்கம், கொசுவர்த்திச் சுருளும் மின்செருகியில் மாட்டும் திரவமும் மறுபக்கம். என் தீர்ப்பு முழுக்க வாளிப் பக்கம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். கொட்டினால் மட்டும் போதாது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டுகிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

எங்கே பார்ப்பது? பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் குற்றவாளி குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருந்த தட்டு. அதற்கு முந்தைய ஆண்டு கொல்லையில் யாரும் தொடாத ஆட்டுக்கல்லின் குழி. கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளர்தான் டார்ச் அடித்து இரண்டையும் கண்டுபிடித்தார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் இலவச நிபுணரைத் துரத்துகிறார்கள் என்பது என் கருத்து.

பள்ளிக்கூடத்துக்கு வாளியைக் கொண்டுபோக முடியாது. அங்கே பூசும் களிம்பு வெல்கிறது. ஒடோமாஸ் போன்றவற்றில் 12 சதவீதம் டைஎதில் பென்சமைடு இருக்கிறது. அரைக்கால்சட்டைக்குக் கீழே தெரியும் காலில் சீராகப் பூசினால்தான் பலன். முழங்கையில் ஒரு பொட்டு வைத்தால் மீதி உடம்பு விருந்துதான்.

இனி இரவுக் கொசு. இங்கே வாளி தோற்றுவிடும்; வடிகாலிலிருந்து பறந்து வருவதை உங்கள் கொல்லைச் சுத்தம் தடுக்காது. கொசுவர்த்திச் சுருள், திரவம், ஊதுவத்தி ஆகிய மூன்றும் இங்கே போட்டியிடுகின்றன. மூன்றிலும் பெரும்பாலும் இருப்பது சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்திரத்தைப் பார்த்துச் செய்த செயற்கை நச்சுகள். சுருளுக்கு ஒரு நன்மை உண்டு: மின்வெட்டிலும் எரியும், திண்ணையிலும் வைக்கலாம். மூடிய அறையில் மட்டும் கூடவே கூடாது. மலேசிய, சீனச் சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. குழந்தையின் தொட்டிலுக்கடியில் சுருள் வைக்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறேன்.

திரவத்தில் புகை இல்லை. அதிலுள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் அல்லது பிராலெத்ரின் என்ற நச்சு மெல்ல ஆவியாகிறது. படுப்பதற்கு அரைமணி முன்பே கதவை மூடி ஓடவிட வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியையும் முழு வேகத்தில் சுழலவிட்டு, "மருந்து கேட்கவே இல்லை" என்று குறைசொன்னால் மருந்து என்ன செய்யும்? கொசுக்கள் இந்த வகை நச்சுக்குப் பழகிவருவதும் உண்மை. இந்தியாவின் பல பகுதிகளில் எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. ஊதுவத்தியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலிகை என்று அட்டையில் அச்சிட்டு, பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இல்லாமல் விற்பதை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

இந்த மூன்றையும் ஓரங்கட்டுவது வலை. ஜன்னல் வலையா, கட்டில் வலையா என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. வெல்க்ரோ ஒட்டிய ஜன்னல் வலை மலிவு. ஆனால் இரண்டு கோடையில் பசை விட்டுவிடுகிறது, தூசி அடைத்துக் காற்றும் குறைகிறது. அலுமினியச் சட்டம் போட்ட வலை உழைக்கும், விலையும் உண்டு. எது போட்டாலும் வாசற்கதவு ஓட்டைதான். ஆறு மணிக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தால் பத்துக் கொசு உள்ளே வந்துவிடும். கட்டில் வலைக்கு அந்தக் கவலை கிடையாது. உடம்பு வலையில் படாமல் படுக்க வேண்டும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், அவ்வளவுதான். மனைவிக்கு அதற்குள் மூச்சு முட்டுகிறதாம். நான் கட்டில் வலைக் கட்சி. வீட்டில் யாருக்காவது டெங்கு வந்தால் அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்கவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கடித்த ஏடிஸ்தான் சில நாள் கழித்து அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

தெருவில் கொசுப்புகை அடித்துவரும் வண்டிக்கும் ஒரு முழ நைலான் வலைக்கும் இடையே எதைத் தேர்வீர்கள்? தெரு முழுக்க வண்டி வர வேண்டும் என்று மனுப் போடுகிறோம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்! அந்தப் புகை அந்நேரம் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. திரைச்சீலைக்குப் பின்னாலும் கட்டிலுக்கடியிலும் ஓய்வெடுக்கும் ஏடிஸைத் தொடுவதே இல்லை. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டிப் பாருங்கள். நான் கட்டிய மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, வலையின் உட்புறத்தில் கறுப்பாகக் கொசு அப்பியிருந்தது. அத்தனையும் எங்கள் படுக்கையறைக்கு வந்திருக்க வேண்டியவை.

தேக்கி வைக்கும் தண்ணீருக்கு மூடி, மருந்து, மீன் என்று மூன்று வழி. சம்புக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இறுக்கமான மூடி போதும். மிகைநீர்க் குழாயின் வாயையும் வலையால் அடைக்க மறக்காதீர்கள். மூட முடியாத தொட்டிக்கு அபேட் என்ற கொசுப்புழுக்கொல்லி மருந்து. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. அளவு தெரிந்தவர்தான் ஊற்ற வேண்டும். திறந்த கிணற்றுக்குக் கொசுப்புழுவைத் தின்னும் மீன். கப்பி 1908-லும் கம்பூசியா 1928-லும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை. கிணற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; ஏரியில் விட்டால் நம் நாட்டு மீன்குஞ்சையும் தவளை முட்டையையும் கம்பூசியா தின்றுவிடும். அல்லித் தொட்டிக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து நல்லது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது அது. கொசுப்புழுவைக் கொல்லும், மீனை விட்டுவிடும்.

காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுவதாக விற்கும் மீயொலிக் கருவிக்குக் காசு கொடுக்காதீர்கள். களச் சோதனைகளை மொத்தமாக அலசிய 2007-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வறிக்கை, அதனால் கடி குறையவில்லை என்று கண்டது. நீல விளக்குப் பொறியில் அந்துப்பூச்சிதான் அதிகம் விழும். கொசு நம்மைத் தேடி வருவது மூச்சுக்காற்றையும் உடல்சூட்டையும் வாடையையும் பிடித்துக்கொண்டு. நொச்சிச் செடி வாசலில் நிற்பதாலேயே கொசு போவதில்லை. இலையைப் புகைத்தால் சற்று விலகும், ஆனால் அதுவும் புகைதானே. கொசு பேட் மனத்துக்கு நல்லது, படபடவென்று வெடிக்கும்போது தனிச் சுகம். ஸ்பிரே அடித்த அறையில் மட்டும் அதை எடுக்காதீர்கள், அந்த வாயு தீப்பிடிக்கும்.

இவ்வளவு செய்தும் இந்த மழைக்காலத்தில் எங்களுக்கு மறுபடி பகல் கொசு. இந்த முறை தட்டும் இல்லை, ஆட்டுக்கல்லும் இல்லை. பக்கத்து மனையில் எழும்பும் அடுக்ககத்தின் லிஃப்ட் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். மேஸ்திரி நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போய் நின்றால் மோட்டார் போட்டு இறைத்துவிடுகிறார். போகாத வாரம் இறைப்பதில்லை.